ஒரு நொடியின் நீளம்: கேசட் நாடாவில் சோதனை இசை

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி ஒரு விசைத்தறிக் கூடம் இருக்கிறது. காலையில் ஓடத் தொடங்கும் தறி, மின்சாரம் போனால்தான் நிற்கும். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்ததால் அந்தச் சத்தம் என் காதில் ஏறுவதே இல்லை. ஒரு நாள், பரணில் கிடந்த பழைய டேப் ரெக்கார்டரைக் கொண்டுபோய் அதைப் பதிந்தேன். பதிந்ததில் ஐந்து நொடியை மட்டும் வெட்டி எடுத்து, முனையோடு முனை ஒட்டி, வளையமாகச் சுழலவிட்டேன். பத்துச் சுற்றுப் போன பிறகு தறிக்குள் இருந்த பாட்டு கேட்கத் தொடங்கியது. கனத்த இரண்டு அடி, அவற்றுக்கு நடுவில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் ஓடம் பாயும் சரசரப்பு, எங்கோ பின்னால் தளர்ந்த திருகு ஒன்றின் கிணுகிணுப்பு. நெசவாளர்கள் அந்த ஓடத்தை நாடா என்றும் சொல்வார்கள். தறி நாடாவின் ஓசையை ஒலி நாடாவில் பிடித்த அந்த நாளிலிருந்து எனக்கு இது விடாத வேலையாகிவிட்டது.

வீட்டில் ஒரு பழைய டேப் ரெக்கார்டரும் நான்கைந்து கேசட்டுகளும் இருந்தால் நீங்களும் இதைத் தொடங்கலாம். சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை. கையில் கொஞ்சம் நிதானமும், ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பொறுமையும் வேண்டும்.

சோதனை இசை என்ற பெயரைக் கேட்டுத் தயங்க வேண்டாம். கச்சேரிக்கும் சினிமாப் பாட்டுக்கும் சுரமும் சொல்லும் மூலப்பொருள். இங்கே பதிந்த சத்தமே மூலப்பொருள். கொத்துப் பரோட்டாக் கடையின் தட்டல், பால்காரரின் மணி, பாட்டி வெற்றிலை இடிக்கும் உரல், எதுவானாலும் சரி. அதை வெட்டலாம், ஒட்டலாம், மெதுவாக்கலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். அப்படிச் செய்தால் என்ன கேட்கும் என்பது செய்து முடிக்கும்வரை தெரியாது. அதனால்தான் சோதனை என்கிறோம்.

நாடாவில் சத்தம் எப்படி உட்கார்கிறது

உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தில் கயிற்றைக் கட்டி, தெருமண்ணிலும் வைகை மணலிலும் இழுத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? திரும்பி வரும்போது காந்தம் முழுக்கக் கறுப்பு இரும்புத்தூள் மயிர்க்கால்போலச் சிலிர்த்து நிற்கும். காந்தம் சொன்ன திசையில் தூள் வரிசை கட்டும். ஒலிநாடாவின் அடிப்படை அதுதான்.

கேசட்டுக்குள் இருக்கும் நாடா, மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. அதன் ஒரு பக்கத்தில் இரும்பு ஆக்சைடுத் தூளைப் பசையோடு கலந்து பூசியிருக்கிறார்கள். நாடாவின் பழுப்பு நிறம் துருவின் நிறம். மைக்கில் விழும் சத்தம் மின்சார அலையாக மாறி, 'ஹெட்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் சிறிய மின்காந்தத்துக்குப் போகிறது. சத்தம் ஏறி இறங்க, காந்தமும் வலுத்து மெலிகிறது. அதை உரசிக்கொண்டு போகும் நாடாவின் தூள்கள், அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே காந்தத் தடமாக வாங்கிக்கொள்கின்றன. வைகை மணலின் தூள் நம் கண்ணுக்குத் தெரிய நிமிர்ந்து நின்றது. நாடாவின் தூள் பசைக்குள் இருப்பதால் அசையாது, அதன் காந்தத் திசை மட்டும் மாறும். போட்டுக் கேட்கும்போது இதே வேலை தலைகீழாக நடக்கிறது: தடம் ஹெட்டைக் கடக்கும்போது அதில் மின்சாரம் துளிர்த்து, ஒலிபெருக்கியில் சத்தமாகிறது.

1898-இல் டென்மார்க்கின் வால்டமார் பவுல்சன் இரும்புக் கம்பியில் இப்படிச் சத்தத்தைப் பதிந்து காட்டினார். 1928-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளூமர் கம்பிக்குப் பதிலாகத் தாள் பட்டையில் இரும்புத்தூளைப் பூசினார். கம்பியை வெட்டினால் முடிச்சுத்தான் போட முடியும். பட்டையை வெட்டி ஒட்டலாம். இந்த ஒரு வசதியால் பின்னால் ஒரு புதிய இசையே பிறந்தது. நம் வீடுகளுக்கு வந்த கேசட்டை ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்தியது.

நொடியை அளக்கலாம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கேசட் நாடா ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஆகவே ஒரு நொடிச் சத்தம் 4.76 சென்டிமீட்டர் நீளம். உங்கள் விரலில் ஏறக்குறைய இரண்டு கணு.

கைப்பேசியில் பதிந்த சத்தத்தைத் தொட முடியாது. நாடாவில் பதிந்ததைத் தொடலாம், அளக்கலாம், ஸ்கேலை வைத்துக் கோடு போடலாம். யாராவது 'அம்மா' என்று அழைத்தது அரை நொடி என்றால், அந்த அழைப்பு இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக உங்கள் உள்ளங்கையில் கிடக்கும். 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் ஓடி முடிய, ஏறக்குறைய 86 மீட்டர் நாடா வேண்டும். நேரம் நீளமாகிவிட்டால், நீளத்துக்கு நாம் செய்யத் தெரிந்த அத்தனை வேலையையும் நேரத்துக்குச் செய்யலாம். தையல்காரர் துணியை வெட்டுவதைப் போல இசையை வெட்டலாம்.

நாடாவின் அகலத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: 3.81 மில்லிமீட்டர். அதற்குள் நீளவாக்கில் இரண்டு பாதி. ஒரு பாதியில் 'ஏ' பக்கம், மறுபாதியில் 'பி' பக்கம். கேசட்டைத் திருப்பிப் போடும்போது நாடா எதிர்த்திசையில் ஓடுகிறது, ஹெட் மற்றப் பாதியைப் படிக்கிறது. ஆகவே ஒரே நாடாத் துண்டில் இரண்டு பக்கத்துச் சத்தங்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் படுத்திருக்கின்றன. இது பின்னால் நமக்குப் பயன்படும்.

பெட்டியைத் தயார் செய்வது

பல வருடம் பரணில் கிடந்த டேப் ரெக்கார்டரை உடனே ஓடவிட வேண்டாம். பேட்டரி போடும் இடத்தில் பச்சை பூத்திருந்தால் சுரண்டித் துடையுங்கள். உள்ளே மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் ரப்பர் பெல்ட் இளகித் தார்போல ஒட்டியிருக்கலாம், அல்லது தொய்ந்திருக்கலாம். புது பெல்ட் மாற்றுவது பழைய ரேடியோ பழுதுபார்ப்பவர் யாருக்கும் கை வந்த வேலை. திறந்து பார்க்கும் வேலை எல்லாவற்றையும் கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். நான் பேட்டரியில்தான் ஓட்டுகிறேன்.

கேசட் மூடியைத் திறந்தால் நாடா போகும் பாதை தெரியும். நாடா முதலில் கடப்பது அழிக்கும் ஹெட். அடுத்தது பதியவும் படிக்கவும் உதவும் ஹெட். அதற்கடுத்து ஒரு மெல்லிய எஃகுத் தண்டும் அதை அழுத்திக்கொண்டிருக்கும் ரப்பர் உருளையும். இந்த இரண்டும்தான் நாடாவைச் சீரான வேகத்தில் இழுக்கின்றன. பல்சக்கரங்கள் வந்த நாடாவைச் சுற்றிக்கொள்வதோடு சரி. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஹெட்டையும் தண்டையும் உருளையையும் துடையுங்கள். பஞ்சு காபி நிறத்தில் வரும். அது அந்த வீட்டில் ஓடிய பாட்டுகளின் துகள். பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும்.

மைக் உள்ளேயே பொருத்திய சாதாரணப் பெட்டிகளில் ஒரு குணம் உண்டு. சத்தத்தின் அளவைப் பெட்டி தானாகவே சரிசெய்துகொள்ளும். பெரிய சத்தம் வந்தால் அமுக்கும், அமைதி வந்தால் மெல்லிய ஒலிகளை உயர்த்தும். ஸ்டூடியோக்காரர்கள் இதைக் குறை என்பார்கள். எனக்கு இதுதான் இந்தப் பெட்டிகளின் பெருமை. தறியை நிறுத்திய கணத்தைப் பதிந்து கேட்டால், அடி நின்றதும் கூடத்துக்குள் இருந்த மின்விசிறியும், வெளியே போன ஆட்டோவும், யாரோ தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்ததும் மெல்ல மேலெழுந்து வருகின்றன. நாம் வாசிக்காத ஒன்றைப் பெட்டி வாசித்துத் தருகிறது.

ஒருவருடைய வேலையிடத்தில் பதிவதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிடுங்கள். தறிக்கார அண்ணன் முதலில் எதற்கு என்று கேட்டார். பதிந்ததைப் போட்டுக் காட்டியதும் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, அந்தக் கிணுகிணுப்பு எந்தத் தறியினுடையது என்று சொல்லி, திருகை முடுக்கப் போய்விட்டார். அவர் காது என் காதைவிட எவ்வளவோ கூர்மையானது.

வளையம் செய்வது

இதுதான் முதல் பாடம். இதை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொண்டால் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

திருகுகள் உள்ள கேசட்டாகப் பாருங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து சின்னத் திருகுகள் இருக்கும். திருகே இல்லாமல் ஒட்டி மூடியவையும் உண்டு. அவற்றைத் திறந்தால் உடையும். வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் வைத்துத் திறங்கள். உள்ளே இரண்டு சக்கரம், மூலைகளில் இரண்டு சின்ன உருளை, வழுவழுப்பான இரண்டு தாள், ஹெட்டுக்கு நேராக நாடாவை அழுத்தும் பஞ்சுத்துண்டு ஒட்டிய செப்புநிறத் தகடு. எது எங்கே இருந்தது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முழு நாடாவையும் வெளியே எடுங்கள். காலியான கூட்டுக்குள் ஒரு துண்டு நாடாவை மூலை உருளைகளைச் சுற்றி, திறந்த விளிம்பு வழியாக, உள்ளே வலப்பக்கச் சக்கரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் அடையாளம் வையுங்கள். கூட்டுக்குக் கூடு, சுற்றும் வழிக்கு வழி இது மாறும். என்னிடம் இருப்பதில் 24 சென்டிமீட்டர் வருகிறது. 24-ஐ 4.76-ஆல் வகுத்தால் ஐந்து நொடி. தறியின் ஐந்து நொடி எனக்கு அப்படித்தான் கிடைத்தது, நான் தேர்ந்தெடுத்ததல்ல, கேசட்டின் கூடு கொடுத்தது.

வெட்டுவதற்குப் புது பிளேடு நல்லது. காந்தம் ஏறிய கத்தரிக்கோலால் வெட்டினால் ஒட்டிய இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் விழும். நேராக வெட்டாமல் 45 பாகை சாய்வாக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் ஒரு சத்தம் சட்டென்று முடிந்து இன்னொன்று தொடங்காமல், ஒன்றுக்குள் ஒன்று நழுவும். இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே வெட்டில் வெட்டினால் சாய்வு பொருந்தும்.

ஒட்டும்போது முனைகள் ஏறிக்கொள்ளவும் கூடாது, இடைவெளியும் கூடாது. கேசட்டின் திறந்த விளிம்பில் வெளியே பார்க்கும் பக்கம்தான் ஹெட்டைத் தொடும் பக்கம். ஒட்டுவது அதன் மறுபுறத்தில், உட்பக்கத்தில். நாடா ஒட்டுவதற்கென்றே உள்ள பட்டை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் செலோடேப்பை நாடாவைவிட ஒரு மயிரிழை குறுகலாக வெட்டி ஒட்டலாம். ஆனால் மதுரை வெயிலில் அதன் பசை இளகி வெளியே கசியும். என் முதல் வளையம் சித்திரை மாதத்தில் அரை மணி நேரம் ஓடி, பசை ரப்பர் உருளையில் ஒட்டி, நாடாவை உள்ளே இழுத்து மடித்துக் கசக்கிவிட்டது. அன்றிலிருந்து செலோடேப் வளையங்களை நாலைந்து நாளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. ஓடவிட்டவுடனேயே வேறு பெட்டியிலோ கைப்பேசியிலோ பதிந்துவிடுகிறேன்.

வளையம் இறுக்கமாக இருந்தால் நாடா திணறி, சத்தம் நடுங்கும். தளர்வாக இருந்தால் உருளையில் சிக்கும். கூட்டை மூடுவதற்கு முன் பென்சிலை வலப்பக்கச் சக்கரத்தில் விட்டு மெல்லச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. மூன்று நான்கு வளையமாவது வீணாகும். அதற்கு மனம் தளர வேண்டாம், ஒரே கேசட்டில் 24 சென்டிமீட்டர் துண்டுகள் முந்நூற்றுக்கு மேல் இருக்கின்றன.

வளையத்தில் ஏற்கெனவே பதிந்த சத்தத்தைத்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. வெற்று நாடாவில் வளையம் செய்து போட்டு, பதியும் பொத்தானை அழுத்தி, ஐந்து நொடிக்குள் உரலை இடியுங்கள். கேசட்டின் பின்விளிம்பில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் பதிவாகாது. அந்தப் பள்ளத்தில் செலோடேப் ஒட்டிவிட்டால் பதிவாகும். பாட்டுக் கேசட் மேல் பதிந்து திட்டு வாங்கிய எல்லோருக்கும் இந்த வித்தை தெரிந்திருக்கும்.

திரும்பத் திரும்ப வரும் சத்தத்தை இசையாக்கலாம் என்று நாடா தன் கைக்கு வருவதற்கு முன்பே ஒருவர் கண்டுகொண்டார். பாரிஸ் வானொலியில் வேலை பார்த்த பியர் ஷாஃபர், 1948-இல் ரயில் நிலையத்தில் இன்ஜின்களின் ஓசையைப் பதிந்து ஒரு படைப்பை உருவாக்கினார். அவரிடம் நாடா இல்லை, இசைத்தட்டுகள்தான். தட்டின் சுழல்கோட்டை வட்டமாக மூடிவிட்டால் முள் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நம் நாடா வளையத்துக்கு அதுதான் மூத்தது. அதற்கும் நான்கு ஆண்டு முன்னால், 1944-இல், கெய்ரோவில் ஹலீம் எல்-தப் என்ற எகிப்திய இளைஞர் ஒரு கம்பிப் பதிவுக் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு 'ஸார்' என்னும் சடங்கில் பெண்கள் பாடுவதைப் பதிந்தார். ஆவிகளைத் தணிக்கும் சடங்கு அது. நம் பக்கத்தில் கோடாங்கி உடுக்கையடிப்பதை அறிந்தவர்களுக்கு அதன் வேகம் புரியும். பதிந்த குரலில் சொற்களை மங்கவைத்து, எதிரொலிக்கும் அறையில் அதை ஒலிக்கவிட்டு, குரலின் உள்ளொலியை மட்டும் மிஞ்சவைத்தார். இந்த வகை இசை ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கெய்ரோவைத்தான் சொல்கிறேன். நம் நாட்டிலும் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் மின்னணு இசைக்கான கூடம் ஒன்று அமைந்தது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அதை அமைக்க உதவினார். கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியர்கள் அங்கே நாடாக்களில் பதிந்தவை பல ஆண்டுகள் காப்பகத்தில் கிடந்து, அண்மைக் காலத்தில்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன.

இரண்டு வளையங்கள்

ஒரு வளையம் தாளம். இரண்டு வளையங்கள் சேர்ந்தால் கதை வேறு.

இரண்டு டேப் ரெக்கார்டர் வேண்டும். பக்கத்து வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஒன்றில் 24 சென்டிமீட்டர் வளையம், மற்றொன்றில் 23 சென்டிமீட்டர். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். சிறியது ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தில் ஒரு நொடி முந்தும். முதலில் எதிரொலிபோலக் கேட்கும். பிறகு அடிகள் விலகி, ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று போய் விழும். பெரியது 23 முறையும் சிறியது 24 முறையும் சுற்றிய பிறகு மீண்டும் சேரும். அதாவது 552 சென்டிமீட்டர் ஓடிய பிறகு, ஏறக்குறைய 1 நிமிடம் 56 நொடியில். ஐந்து நொடிச் சத்தம் இரண்டிலிருந்து இரண்டு நிமிட இசை.

கணக்கு அப்படிச் சொன்னாலும் இரண்டு பழைய மோட்டார்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒன்று சற்று இழுக்கும். அதனால் அவை சேருமிடம் ஒவ்வொரு முறையும் தள்ளிப்போகும். ஒரே நீளமுள்ள இரண்டு வளையங்களும்கூட இப்படி மெல்லப் பிரியும். 1965-இல் அமெரிக்க இசைஞர் ஸ்டீவ் ரைக் தெருவில் பேசிய ஒரு போதகரின் குரலை இரண்டு வளையங்களாக ஓட்டியபோது அவை தாமாகவே பிரிவதைக் கவனித்தார். அந்தப் பிரிவையே ஒரு படைப்பாக்கினார். அவருடைய பிந்தைய இசைக்கெல்லாம் அந்தக் கண்டுபிடிப்புத்தான் வித்து.

மிருதங்கக்காரர் ஆதிதாளத்தின் மேல் ஐந்தைந்தாகவும் ஏழேழாகவும் கணக்கு அடித்துச் சமத்துக்கு வந்து சேருவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே வித்வான் கணக்கு வைத்துச் சேர்க்கிறார். இங்கே கணக்கு நாடாவின் நீளத்தில் இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

வேகம்

பேட்டரி தீரும்போது பாட்டு இழுக்கும் என்பது கேசட் கேட்ட எல்லோருக்கும் தெரியும். பாடகியின் குரல் பாடகரின் குரலாகும். அதைத்தான் இங்கே வேண்டுமென்றே செய்கிறோம். நாடாவில் வேகமும் சுருதியும் பிரியாதவை. வேகத்தைப் பாதியாக்கினால் மேல் சட்ஜம் (மேல் 'ச') மத்திய ஸ்தாயியின் சட்ஜமாக (நடு 'ச') இறங்கும், நீளம் இரட்டிப்பாகும். வேகத்தில் ஏறக்குறைய 6 சதவீதம் கூட்டினால் அரைச்சுரம் ஏறும்.

பல சாதாரண டேப் ரெக்கார்டர்களில் மோட்டாரின் முதுகில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதற்குள் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் மெல்லிய திருப்புளியை விட்டுத் திருப்பினால் வேகம் மாறும். தொடங்கும்போது எந்த நிலையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிருபர்கள் முன்பு பேட்டி எடுக்க வைத்திருந்த மைக்ரோ கேசட் கருவி கிடைத்தால் இன்னும் வசதி. அதில் நொடிக்கு 2.4 சென்டிமீட்டர், 1.2 சென்டிமீட்டர் என்று இரண்டு வேகத்துக்கும் பொத்தான் உண்டு. வேகமாகப் பதிந்து மெதுவாகப் போட்டால் சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும்.

கொத்துப் பரோட்டா தட்டலை அப்படிக் கேட்டுப் பாருங்கள். வழக்கமான வேகத்தில் அது பசியின் சத்தம். பாதி வேகத்தில் கல்லின் அதிர்வு நீண்டு, ஒவ்வொரு தட்டலுக்குப் பின்னாலும் மணியின் ரீங்காரம்போல ஒரு வால் தெரிகிறது. கால் வேகத்தில், தூரத்துக் கோயிலில் யாரோ ஒருவர் அவசரமில்லாமல் மணியடிப்பதுபோல இருக்கிறது. அந்த ரீங்காரம் கடையிலேயே இருந்ததுதான். அடுத்த தட்டல் அதை மூடிவிட்டதால் நமக்குக் கேட்கவில்லை.

அடுக்குவதும் முறுக்குவதும்

புதிதாகப் பதியும்போது பழையது மறைவதற்குக் காரணம் நாடா முதலில் கடக்கும் அழிக்கும் ஹெட். அதன் மேல் நாடா படாதபடி கெட்டியான தாள் துண்டை மடித்து வைத்துவிட்டால், பழைய சத்தம் முழுதாக அழியாமல் அதன் மேல் புதியது பதியும். ஒவ்வொரு அடுக்கு ஏறும்போதும் கீழே உள்ளது கொஞ்சம் மங்கும், அதிலும் கூர்மையான ஒலிகள் முதலில் போகும். பதியும் ஹெட்டிலேயே கேட்காத உயர் அதிர்வு ஒன்று கலந்து ஓடுவதும் அதற்கு ஒரு காரணம். சில மலிவான பெட்டிகளில் அழிக்கும் ஹெட் என்பது நிலைக்காந்தம்தான், அவற்றில் தாள் போதாது, நாடா இன்னும் விலகி ஓட வேண்டும். வளையத்தில் இப்படி அடுக்கினால் உரல், மேலே தறி, மேலே பால்மணி என்று ஐந்து நொடிக்குள் ஒரு தெருவே ஏறி உட்காரும். கடைசியாகப் பதிந்தது வாசலில் நிற்கும். முதலில் பதிந்தது கொல்லைப்புறத்தில் கேட்கும்.

முறுக்கு வளையம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒட்டுவதற்கு முன் நாடாவின் ஒரு முனையை ஒரு பாதிச் சுற்று முறுக்குங்கள். இப்போது முதல் சுற்றில் 'ஏ' பக்கத்துச் சத்தம் நேராகக் கேட்கும். அடுத்த சுற்றில் நாடாவின் முதுகு ஹெட்டைத் தொடும், 'பி' பக்கத்துச் சத்தம் பின்னோக்கிக் கேட்கும். நாடாவின் இரண்டு பாதியும் எதிரெதிராகப் படுத்திருக்கின்றன என்று சொன்னேனே, அதன் பலன் இது. பிளாஸ்டிக் முதுகைத் தாண்டி வருவதால் அந்தச் சத்தம் சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல அமுங்கியிருக்கும். 'ஏ' பக்கத்தில் என் அத்தை பூக்காரரிடம் பேரம் பேசுவதையும், 'பி' பக்கத்தில் பூக்காரரின் பதிலையும் பதிந்து முறுக்கினேன். ஒருவர் தெளிவாகக் கேட்க, மற்றவர் தலைகீழ் மொழியில் அடுத்த அறையிலிருந்து பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். முறுக்கு கூட்டுக்குள் சிக்காமல் இருக்க வளையத்தைச் சற்றுத் தளர்வாக விட வேண்டும்.

நாடாவை வெட்டவே மனமில்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஓர் அறையில் நான்கு வாக்கியம் பேசிப் பதியுங்கள். அதை அதே அறையில் போட்டு, இரண்டாவது பெட்டியில் பதியுங்கள். அந்தப் பதிவை மீண்டும் போட்டு முதல் பெட்டியில் பதியுங்கள். இப்படியே போனால் அந்த அறைக்குப் பிடித்த ஒலிகள் மட்டும் வலுத்து, சொற்கள் கரைந்து, கடைசியில் அறையின் ரீங்காரம் மிஞ்சும். ஆல்வின் லூசியர் என்ற அமெரிக்க இசைஞர் 1969-இல் செய்து காட்டியது இது. எங்கள் வீட்டு மாடிப்படி மூலையில் எட்டாவது சுற்றில் என் பேச்சு போய்விட்டது. குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் நாயனத்தின் ஒத்துபோல நீண்டது.

நாடாவின் உடல்நிலை

பழைய கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். சுற்றின் மேல் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதைப் போட்டால் ஹெட்டில் ஏறி, அடுத்து வரும் கேசட்டுக்கும் ஒட்டும். அந்தக் கூட்டை ஒதுக்கி வையுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் மாடி அறையிலோ காரிலோ கேசட்டுகளை விட வேண்டாம், கூடு வளைந்துவிடும். ஒலிபெருக்கியின் மேல் அடுக்கவும் வேண்டாம், அந்த வைகைக் காந்தம் அதற்குள்ளும் இருக்கிறது. 90 நிமிடத்துக்கு மேற்பட்ட கேசட்டுகளில் நாடா மிக மெல்லியது, வளையத்துக்குத் தாங்காது. 60 நிமிடக் கேசட்டே வாங்குங்கள்.

வளையம் ஓட ஓடத் தேயும். தூள் உதிரும், உதிர்ந்த இடத்தில் சத்தம் விட்டுப்போகும். 2001-இல் அமெரிக்க இசைஞர் வில்லியம் பசின்ஸ்கி தம் பழைய வளையங்களைக் கணினிக்கு மாற்றப் போட்டபோது, ஓடிக்கொண்டிருக்கும்போதே தூள் உதிரத் தொடங்கியது. அவர் நிறுத்தாமல் ஓடவிட்டு, மெலடி சிதைந்து போவதை முழுவதும் பதிந்துகொண்டார். என் தறி வளையத்திலும் மூன்றாவது அடிக்குச் சற்று முன்னால் ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது. அதை மாற்றப் போவதில்லை.

மேலூர்ப் பக்கம் வயல்களில் பறவைகளை விரட்டக் கேசட் நாடாவைக் கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்று வீசும்போது அது 'ங்ங்ங்' என்று பாடும். போன தையில் அறுப்பு முடிந்த வயலில் அப்படி ஒன்று அறுந்து கிடந்தது. வயல்காரரைக் கேட்டு ஒரு முழம் எடுத்து வந்தேன். துடைத்து, வளையமாக்கிப் போட்டேன். வெயிலிலும் பனியிலும் கிடந்தும் உள்ளே ஒரு நாதஸ்வரம் இருந்தது, மூன்று நொடிக்குக் கல்யாணி, பிறகு வெறும் இரைச்சல். அதே வயலில் இன்னொரு நாடா காற்றில் பாடியதையும் பதிந்து வந்திருந்தேன். இரண்டையும் இப்போது இரண்டு பெட்டியில் ஓடவிட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு வளையத்தின் மேலும் உடனே எழுதி ஒட்டிவிடுங்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும், பத்து சேர்ந்தால் எது எதுவென்று தெரியாது. என் பெட்டியில் இருப்பவை: செல்லூர், தறி, 24 செ.மீ. பாட்டி உரல், 24 செ.மீ. அத்தையும் பூக்காரரும், முறுக்கு, 25 செ.மீ. மேலூர் வயல், நாதஸ்வரம், 23 செ.மீ., ஒட்டு பலவீனம்.